வாசலில் நின்றுவிடும் பயணங்கள்

சென்ற கோடையில் நம் நெடுநாள் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய இளைய மகன் திருச்சியிலிருந்து லே வரை தனியாக மோட்டார் சைக்கிளில் சென்று, அதே வண்டியில் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வண்டி முற்றத்தில் நின்றது. மலைநாட்டுச் சேறு சக்கரத்தின் கம்பிகளில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கழுவ அவர் யாரையும் விடவில்லையாம். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டோம். "நல்லா இருந்துச்சு ஐயா" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சற்று நேரத்தில் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். காப்பித் தம்ளரை நம் முன் வைத்த அவருடைய தாயார், "வண்டி வந்திருச்சு, துணிமணி வந்திருச்சுங்க ஐயா. அவன்தான் இன்னும் வந்து சேரல" என்றார்.

அந்த அம்மையார் இலக்கியத் திறனாய்வு பயின்றவர் அல்லர். ஆயினும், ஓர் இலக்கிய வகையின் அடிப்படைக் குறையை ஒரே வரியில் சுட்டிவிட்டார் என்பது சில மாதங்களுக்குப் பின்னரே நமக்கு விளங்கிற்று. விடைபெறும்போது அந்த இளைஞர் தாம் படித்து வைத்திருந்த சில ஆங்கில நூல்களை நம்மிடம் தந்தார். எல்லாம் மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் மேற்கொண்டோர் எழுதியவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது தாயாரின் சொல்லே நம் கையில் அளவுகோலாயிற்று. புறப்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்களா? வந்து சேர்ந்ததை எழுதினார்களா? இவ்விரு கேள்விகளையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹோமர் தரும் அளவு

வீடு திரும்புதலைப் பற்றிப் பேசுவோர் ஹோமரை விலக்கிவிட்டுப் பேச இயலாது. 'ஒடிசி' 24 காண்டங்களால் ஆன காப்பியம். டிராய்ப் போர் முடிந்து கடலில் அலைந்த ஒடிசியஸ் தன் சொந்த மண்ணாகிய இத்தாக்காவின் கரையில் இறங்குவது 13ஆம் காண்டத்தில். நூலின் நடுவிலேயே நாயகன் ஊர் வந்துவிடுகிறான். எஞ்சிய பாதி முழுவதும் ஊர் வந்தபின் நிகழ்வதுதான். நாம் சிறு வயதில் கதையாகக் கேட்டு மகிழ்ந்த ஒற்றைக்கண் அரக்கனும், மனிதரைப் பன்றிகளாக்கும் மாயக்காரியும் 9 முதல் 12 வரையிலான நான்கு காண்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். அவையும் அயலார் விருந்தில் அவனே தன் வாயால் சொல்லும் பழங்கதைகள். வழியில் நேர்ந்த வியப்புகளுக்கு நான்கு காண்டம். வந்து சேர்ந்த வீட்டுக்குப் பன்னிரண்டு காண்டம். இந்த விகிதத்தை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

உறங்கிய நிலையில் கரையில் இறக்கி விடப்பட்ட ஒடிசியஸ், விழித்தெழுந்து பார்க்கும்போது, அது தன் நாடு என்பதே அவனுக்குத் தெரியவில்லை. 20 ஆண்டுகளுக்குப் பின் வந்தவனை ஆர்கஸ் என்னும் கிழநாய் அடையாளம் கண்டு, வாலை அசைத்து, அப்படியே உயிர் விடுகிறது. கால் கழுவும் செவிலித் தாய் பழைய தழும்பைத் தடவி அறிகிறாள். மனைவி பெனலோப்பியோ எளிதில் ஏற்கவில்லை. இருவர் மட்டுமே அறிந்த கட்டிலின் செய்தியைக் கொண்டு சோதித்த பின்னரே அவனைக் கணவனாக ஏற்கிறாள்.

ஹோமர் இங்கே உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. "வந்துவிட்டேன்" என்று சென்றவன் தானாக அறிவித்துக்கொள்ள முடியாது. வீட்டிலிருப்போர் ஒவ்வொருவராக, ஒவ்வோர் அடையாளத்தால், அவனை அறிந்து ஏற்க வேண்டும். அதுவரை அவன் தன் வீட்டு வாசலில் பிச்சைக்காரனாகவே நிற்கிறான். திரும்புதல் ஒரு நாளில் நடந்து முடியும் செய்தி அன்று. செய்து முடிக்க வேண்டிய ஒரு பணி.

இந்த அளவைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் மோட்டார் சைக்கிள் பயண நூல்களை நோக்குவோம்.

நெடுவழியே வீட்டுவழி

இவ்வகை நூல்களுள் மூத்தவற்றில் ஒன்று, ராபர்ட் எடிசன் ஃபுல்ட்டன் 1937இல் வெளியிட்ட 'ஒன் மேன் கேரவன்'. அமெரிக்கரான ஃபுல்ட்டன் வியன்னாவில் கட்டடக்கலை பயின்றவர். 1932இல் லண்டனில் ஒரு விருந்தின்போது, ஊர் திரும்பப் போகிறீர்களா என்று அவரை வினவினர். "இல்லை, மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றப் போகிறேன்" என்ற பொருள்பட ஏதோ வேகத்தில் கூறிவிட்டார். விருந்தினருள் டக்ளஸ் என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஒருவர் இருந்தார். வண்டி தர முன்வந்தார். வாய்ச்சொல் வாக்காயிற்று. ஐரோப்பா, துருக்கி, ஈராக், இந்தியா, தென்கிழக்காசியா, சீனா, ஜப்பான் எனச் சுற்றி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, 1933 டிசம்பர் 24 அன்று நியூயார்க் வந்து சேர்ந்தார்.

இந்தப் பயணத்தின் தனித்தன்மை, தொடக்கக் கேள்வியே வீடு திரும்புவதைப் பற்றியது என்பதாகும். லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல மேற்கு நோக்கிக் கப்பலேறினால் சில நாள்களில் போய்விடலாம். அவரோ கிழக்கு நோக்கித் திரும்பி, ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டு, அதே வீட்டுக்குப் போனார். ஆகவே இது வீட்டை விட்டுச் சென்ற பயணம் அன்று. வீட்டுக்குப் போன மிக நீண்ட வழி. நகைச்சுவையும் இளமைத் துணிவும் நிறைந்த நூல் அது. ஆயினும் நூலின் சுவை சாலையில்தான் இருக்கிறது. பாலைவனத்தில் வழி தவறியவரை நாம் நன்கு அறிகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள் கதவைத் தட்டிய மகனை அவ்வளவாக அறிவதில்லை. பின்னாளில் பறக்கவும் சாலையில் ஓடவும் வல்ல வண்டியை உருவாக்கியவர் அவர். அந்தப் பயணம் அவரை எப்படி வளர்த்தது என்று அறியும் ஆவல் வாசகருக்கு எழுகிறது; விடை நூலுக்கு வெளியே நிற்கிறது.

இருமுறை சுற்றியவர்

இத்துறையின் தலையாய நூல் எதுவெனில், டெட் சைமன் எழுதிய 'ஜூபிட்டர்ஸ் டிராவல்ஸ்' என்று தயங்காமல் கூறலாம். 1931இல் ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்த இதழாளர் சைமன். 1973 அக்டோபர் 6 அன்று, அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்ட அதே நாளில், தம் 42ஆம் வயதில் லண்டனிலிருந்து புறப்பட்டார். வண்டி 500 சி.சி. டிரையம்ஃப் டைகர். 'சண்டே டைம்ஸ்' செய்தித்தாள் துணை நின்றது. நான்கு ஆண்டுகள், 45 நாடுகள், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஆப்பிரிக்காவை வடக்கிலிருந்து தெற்கே கடந்தார். பிரேசிலில் காவலில் வைக்கப்பட்டார். கலிஃபோர்னியாவில் சில மாதங்கள் மண்ணில் வேலை செய்து வாழ்ந்தார். ஆஸ்திரேலியாவையும் மலேசியாவையும் கண்டு, பினாங்கிலிருந்து கப்பலில் சென்னை வந்திறங்கினார். இந்தியாவில் குறி சொல்லும் ஒருவர் அவரை வியாழன் என்று கூறினார். அதுவே நூலின் பெயராயிற்று.

1979இல் வெளிவந்த இந்நூலின் பெருமை அதன் பணிவில் உள்ளது. வண்டி பழுதாகி நிற்பதையும், எல்லைச் சாவடியில் காத்துக் கிடப்பதையும் அவர் இடையூறுகளாகக் கொள்ளவில்லை. அவையே பயணத்தின் உட்பொருள் என்று கருதினார். வண்டி நின்றால்தான் மனிதர் அருகே வருவர். இருபுறமும் கதவில்லாத வாகனத்தில் வருபவன் மழைக்கும் வெயிலுக்கும் மட்டுமன்றி, அயலாரின் கருணைக்கும் தன்னைத் திறந்து வைக்கிறான். தனியாக வருபவனிடம் எவரும் அச்சமின்றிப் பேசுவர். இவ்வுண்மைகளை அனுபவத்தின் வழியே அவர் எடுத்துரைக்கும் பக்கங்கள் என்றும் நிலைக்கத் தக்கவை.

ஆனால் வீடு திரும்பும் பகுதி? ஆப்பிரிக்காவின் ஒவ்வொரு மணற்சாலைக்கும் பொறுமையாக இடமளித்த அதே எழுதுகோல், ஆசியாவைக் கடந்து ஐரோப்பாவை நெருங்கும்போது விரைகிறது. நான்கு ஆண்டுகள் சேர்த்த உலகை லண்டனில் எங்கே இறக்கி வைப்பது என்ற கேள்விக்கு நூலில் போதிய இடமில்லை. அவர் இல்லாத காலத்தில் ஊரும் மாறியிருந்தது. அவருடைய வண்டியைச் செய்த மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக, அவர் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அறிவிப்பு வந்தது. தொழிலாளர் அதை எதிர்த்து வாயிலை மறித்தனர். 1977இல் அவர் திரும்பி வந்தபோது அது தொழிலாளர் கூட்டுறவாக இயங்கிக்கொண்டிருந்தது. 1983இல் அதுவும் மூடப்பட்டது. சென்றவன் மாறி வருகிறான். விட்டுச் சென்ற இடமும் மாறி நிற்கிறது. மாறிய இருவர் சந்திக்கும் இந்த இடத்தில் ஒரு பெரிய அத்தியாயம் எழுதப்பட்டிருக்கலாம்.

அந்த அத்தியாயத்தை சைமன் வாழ்நாள் முழுவதும் தள்ளித் தள்ளி எழுதினார் என்பது நம் கருத்து. முதல் நூலில் இடம்பெறாத நிகழ்ச்சிகளை, திரும்பி வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1984இல் 'ரைடிங் ஹை' என்னும் நூலாக்கினார். அவர் லண்டனிலும் நிலைக்கவில்லை. வழியில் அவரை ஈர்த்த வடகலிஃபோர்னியாவிலேயே குடியேறினார். 2001இல், 70ஆம் வயதை எட்டும் நேரத்தில், பழைய வழியிலேயே மீண்டும் புறப்பட்டார். கென்யாவில் கால் முறிந்தது, ஆறியதும் தொடர்ந்தார். அந்தப் பயணத்தின் விளைவே 2007இல் வந்த 'டிரீமிங் ஆஃப் ஜூபிட்டர்'.

இந்த இரண்டாம் நூல் முதல் நூலைப்போல் கொண்டாடப்படவில்லை. நாமோ இதை முதல் நூலுக்கு இன்றியமையாத மறுபாதியாக மதிக்கிறோம். முதற் பயணத்தின்போது உலக மக்கள்தொகை 400 கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது; இரண்டாம் பயணத்தின்போது 600 கோடியைத் தாண்டிவிட்டது. மணற்சாலைகள் தார்ச்சாலைகளாகியிருந்தன. அமைதியாயிருந்த ஊர்கள் இரைச்சலில் மூழ்கியிருந்தன. தமக்கு அன்று உணவும் உறைவிடமும் தந்தவர்களுள் சிலரை அவர் தேடிச் செல்கிறார். தேடிப் போன முதியவரின் ஏமாற்றமும் கசப்பும் சில இடங்களில் மிகுந்து ஒலிக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. மாறிய ஊரைக் கண்டு அவர் வருந்தும்போது, அம்மாற்றத்தால் அவ்வூராருக்குக் கிடைத்த பள்ளியையும் மருத்துவத்தையும் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரா என்னும் வினா நமக்கு எழுகிறது. எனினும், முதல் நூல் வாசலில் நிறுத்திவிட்டதை இந்நூல் செய்கிறது. விருந்துண்டவன் விருந்தளித்தவனைத் தேடிச் சென்று நன்றி சொல்கிறான். அதுவும் ஒருவகைத் திரும்புதலே. அந்த டிரையம்ஃப் வண்டி கவென்ட்ரி நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது, வண்டி நிலைகொண்டது. அதை ஓட்டியவர் நிலைகொள்ள மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

கேட்பாரற்ற கதை

ஃபுல்ட்டனும் சைமனும் எழுத வாய்ப்பிருந்தவர்கள். எவரும் கேட்காததால் எழுதாமலே இருந்தவர் எல்ஸ்பெத் பியர்ட். லண்டனில் கட்டடக்கலை மாணவியாக இருந்த அவர், 1982இல், 23ஆம் வயதில், 1974ஆம் ஆண்டின் பழைய பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்காவைக் கடந்து, சிட்னியில் வேலை செய்து பணம் சேர்த்து, தாய்லாந்தில் நாய் குறுக்கே வந்ததால் விபத்துக்குள்ளாகி, பினாங்கிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தவர். 1984இன் கலவரச் சூழலில் பஞ்சாபைக் கடந்து, மஞ்சள் காமாலையோடு ஈரானைக் கடந்தவர். பெரும்பகுதி தனியாகவும், நேபாளத்திற்குப் பின் மற்றொரு மோட்டார் சைக்கிள் பயணியின் துணையோடும் அவர் வந்தார். 1984 நவம்பரில் லண்டன் திரும்பினார். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் பிரித்தானியப் பெண் என்று இன்று அவரைக் குறிப்பிடுகின்றனர்.

அன்று அவ்வாறு எவரும் குறிப்பிடவில்லை. வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் அவருடைய பயணத்தைக் கேட்டறியும் ஆவல் யாரிடமும் பெரிதாக இல்லை என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். படங்களையும் குறிப்பேடுகளையும் கட்டி வைத்தார். வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார். விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 'லோன் ரைடர்' என்னும் நூல் வெளிவந்தது 2017இல்! திரும்பி வந்ததற்கும் திரும்பி வந்ததைச் சொல்வதற்கும் இடையே 33 ஆண்டுகள். ஒடிசியஸ் ஊர் திரும்ப எடுத்துக்கொண்டதைவிட இது நீண்ட காலம்.

நூலைப் படிக்கும்போது இந்தக் காலத் தொலைவு நன்மையாகவும் குறையாகவும் தோன்றுகிறது. பழைய குறிப்பேடுகளும் மடல்களும் துணை நின்றதால் சாலையின் விவரங்கள் உயிரோடிருக்கின்றன. முதிர்ந்த பெண்மணி ஒருவர் தம் இளமையைக் கூச்சமின்றியும் தற்புகழ்ச்சியின்றியும் நோக்குவதால் நூலில் நேர்மை இருக்கிறது. எனினும் நூலின் நடை சிற்சில இடங்களில் நிகழ்ச்சிக்குப்பின் நிகழ்ச்சியென அடுக்கிச் செல்கிறது; நின்று எண்ணிப் பார்க்கும் பக்கங்கள் இன்னும் மிகுந்திருக்கலாம். ஆயினும் திரும்பி வந்தவரின் மௌனத்தை அவர் மறைக்கவில்லை. எதிர்பார்த்த கேள்விகள் வராமற்போன வீட்டை அவர் காட்டுகிறார். இந்த வகையில் மற்றவர் தொடாத ஓர் உண்மையை அவர் தொட்டுவிட்டார். சென்று வந்தவன் மாறிவிட்டான் என்று குறை கூறுகிறோமே, அவனைக் கேட்க வீட்டில் யாராவது இருந்தார்களா?

பியர்ட் பின்னர் கட்டடக் கலைஞரானார். சர்ரே மாவட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த உயரமான நீர்த்தொட்டிக் கோபுரம் ஒன்றை வாங்கி, தம் இல்லமாக மாற்றி அமைத்தார். அந்த வேலைக்குக் கட்டடக்கலைப் பரிசும் கிடைத்தது. வீடு என்பது திரும்பிப் போகும் இடம் மட்டுமன்று, திரும்பி வந்தபின் கட்டிக்கொள்ள வேண்டியதும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வீட்டில் யாரும் இல்லாதபோது

அடுத்ததாக நாம் நோக்கும் நூல் துயரத்தில் பிறந்தது. நீல் பியர்ட் கனடாவின் புகழ்பெற்ற 'ரஷ்' இசைக்குழுவில் முரசு இசைத்தவர், அக்குழுவின் பாடலாசிரியர். 1997 ஆகஸ்டில் அவருடைய ஒரே மகள் கார் விபத்தில் இறந்தார். பத்து மாதங்களில் மனைவியும் புற்றுநோயால் மறைந்தார். 1998 ஆகஸ்டில், கியூபெக் மாநிலத்தில் ஏரிக்கரையில் இருந்த தம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாகப் புறப்பட்டார். அலாஸ்கா முதல் மெக்சிகோ, பெலிஸ் வரை, 14 மாதங்களில் 88,000 கிலோமீட்டர். 2002இல் வந்த 'கோஸ்ட் ரைடர்' அந்தப் பயணத்தின் பதிவு.

இந்நூலில் இடம்விட்டு இடம் செல்வதற்கு வேறொரு பொருள் இருக்கிறது. தம் உள்ளே எஞ்சியிருப்பது ஒரு குழந்தை உயிர், அழும் குழந்தையைத் தூக்கி நடந்தால் அமைதியுறுவதுபோல் அதையும் நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் அமைதியுறும் என்று அவர் கருதினார். இது நம் வீடுகளில் தூளி ஆட்டும் தாய்மார் அனைவரும் அறிந்த உண்மை. பயணத்தின் இடையே அவர் ஏரிக்கரை வீட்டுக்குத் திரும்பிக் குளிர்காலத்தைக் கழிக்கிறார். நம் கணிப்பில் நூலின் மிகச் சிறந்த பகுதி அதுவே. கதவு அவருடையது, மேசை அவருடையது, சாளரத்தின் வெளியே பனியும் பழகியதே. ஆனால் ஹோமர் கூறிய அடையாளம் காண்போர் எவரும் அங்கே இல்லை. தழும்பைத் தடவிப் பார்க்கவும் கட்டிலின் மறைபொருளைக் கேட்கவும் ஆளில்லாத வீட்டுக்கு ஒருவன் எப்படித் திரும்புவது? பனி உருகியதும் அவர் மறுபடியும் புறப்படுகிறார்.

குறையும் இல்லாமல் இல்லை. நூலின் பெரும்பகுதி நண்பருக்கு எழுதிய மடல்களால் நிரம்பியது. சில மடல்கள் வாசகருக்கு அயர்வு தருவன. வழியில் காணும் எளியோரைப் பற்றிச் சில இடங்களில் அவர் கடுஞ்சொல் கூறுவதும் உண்டு. துயருற்றவரின் சொல் என்று அதைப் பொறுத்துக்கொள்கிறோம். முடிவில் அவர் புதிய இல்வாழ்வைக் கண்டதும் நூல் சட்டென முடிந்துவிடுகிறது. துயரத்திற்கு நானூறு பக்கமளவு இடம் தந்தவர், மீட்சிக்குச் சில பக்கங்களே தந்தார். 2001இல் தம் இசைக்குழுவிற்குத் திரும்பிய அவர் 2020இல் மறைந்தார். துயரை எழுதுவதைவிடத் தேறியதை எழுதுவது கடினம் போலும்.

எதிர்வாதமும் இன்றைய நிலையும்

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பயண நூல் பயணத்தைத்தானே எழுத வேண்டும், வீட்டு வாசலில் முடிவது அதன் இயல்புதானே என்று வாசகர் கேட்கலாம். ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பராமரிப்பும் ஜென் நெறியும் பற்றிய புகழ்பெற்ற நூலையும் எடுத்துக்காட்டலாம். தம் மகனோடு மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை சென்ற அவர், ஊர் திரும்பியதைச் சொல்லவே இல்லை. ஆயினும் நூல் முழுமையாக இருக்கிறது. இதற்கு நம் விடை எளிது. பிர்சிக்கின் நூலில் தந்தை திரும்ப வேண்டிய வீடு சாலையின் முடிவில் இல்லை, பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறது. தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அடையாளம் காணும்போது அந்நூல் வீடு சேர்ந்துவிடுகிறது. தனியாகச் செல்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவன் விட்டுச் சென்றவர்களிடம்தான் திரும்ப வேண்டும். ஆதலால் தனிப் பயண நூலில் அந்த அத்தியாயம் இல்லையெனில், நூலுக்கு ஒரு கால் குறைவே.

இக்குறை இன்று மேலும் பெருகியுள்ளது. 2004இல் இரு நடிகர்கள் லண்டனிலிருந்து நியூயார்க் வரை சென்ற பயணம் தொலைக்காட்சித் தொடராகி உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரைச் சாலைக்கு அழைத்தது. சைமனின் நூலே தமக்குத் தூண்டுதல் என்று அவர்கள் நன்றியோடு கூறினர். ஆனால் காட்சிக்கு ஏற்றது சென்று சேர்ந்த நாளின் ஆரவாரமே. மறுநாட் காலையின் வெறுமை அன்று. இன்றோ கைப்பேசி ஏந்திய பயணி ஒவ்வொரு மாலையும் படமனுப்பிவிடுகிறார். சைமனும் பியர்ட்டும் அஞ்சலகங்களில் மாதக்கணக்கில் கழித்து வந்த மடல்களைப் பெற்றனர். வீடு அவர்களுக்குத் தொலைவில் இருந்தது. இன்று வீடு சட்டைப் பையில் இருக்கிறது. படங்களை நாள்தோறும் பார்த்துவிட்ட வீட்டார், வந்தவனிடம் கேட்க ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகின்றனர். எல்லாம் அனுப்பப்பட்டுவிட்டது, எதுவும் சொல்லப்படவில்லை.

வழியில் எதிர்ப்பட்டவன்

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் பற்றியவற்றின் அமைப்பு யாவரும் அறிந்ததே. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நிறுத்தி, தான் சென்ற வழியையும், வழியிலுள்ள ஊர்களையும், அங்கே கிடைக்கும் உணவையும், வள்ளலின் இயல்பையும் எடுத்துரைக்கிறான். பயணம் முழுவதும் திரும்பி வருபவன் வாய்மொழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அவன் தன் வீரத்தைப் பேசுவதில்லை. எதிரில் நிற்பவனின் பசியை நோக்கிப் பேசுகிறான். கேட்பவனின் தேவை சொல்பவனின் கதைக்கு வடிவம் தருகிறது. திரும்பி வருதலை ஒரு கடமையாகவும் கொடையாகவும் கண்ட இலக்கிய மரபு நம்முடையது.

சைமன் தம் முதுமையில் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தார் என்பது வியப்புக்குரியது. பயணிகள் தாம் கண்டதைப் பிறர்க்குப் பயன்படும் ஆக்கமாக மாற்றித் தர வேண்டும் என்னும் நோக்கத்துடன் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஆற்றுப்படை என்னும் சொல்லை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை; அதன் பொருளை ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டி அறிந்தார்.

ஆகவே, எதிர்காலத்தில் இவ்வகை நூல் எழுதப் புகுவோரிடம் நாம் வேண்டுவது ஒன்று. புறப்பாட்டை எழுதுங்கள், மலையையும் மழையையும் எழுதுங்கள். ஆனால் நூலின் கடைசி அத்தியாயத்தைக் கதவு திறந்த கணத்தோடு முடிக்காதீர்கள். வீட்டில் முதல் வாரம் எப்படிக் கழிந்தது, யார் என்ன கேட்டார், எதைச் சொல்ல இயலவில்லை என்பவற்றை எழுதுங்கள். உங்கள் பயணத்தின் பொருள் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. வீட்டிலிருப்போரிடம் வேண்டுவதும் ஒன்று உண்டு: கேளுங்கள்.

நூல்களைத் திருப்பித் தரச் சென்றபோது அந்த இளைஞர் வாசலில் நின்றிருந்தார். "பயணம் எப்படி இருந்தது" என்று இம்முறை நாம் கேட்கவில்லை. "முதல் நாள் ராத்திரி எங்கே தங்கினீங்க தம்பி? சாப்பாடு யார் போட்டாங்க?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். பிறகு, மழையில் ஒதுங்கிய ஒரு சாலையோரக் கடையையும், மூடிய அடுப்பைத் தமக்காக மறுபடி மூட்டிய ஒரு பெரியவரையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒன்றரை மணி நேரம் பேசினார். அவருடைய தாயார் நிலைப்படியில் அமர்ந்து, முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தார்.